கத்திக்கும் மருந்துக்கும் நடுவே

முப்பது, நாற்பது வயது ஆண். கன்னம் ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற மெலிவு. பத்து வருஷமாக வயிற்றெரிச்சல். பசித்தால் வலிக்கும், நாலு வாய் சாப்பிட்டால் அடங்கும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும். இப்போது வலி போய் வாந்தி வந்திருக்கிறது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று மாலை அப்படியே வெளியே வருகிறது. மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்த்தால் மேல்வயிற்றில் இடமிருந்து வலமாக ஒரு பந்து உருண்டு போவது கண்ணுக்கே தெரியும். 1970-களில் மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ மருத்துவம் படித்த மாணவர்களுக்கு இந்த நோயாளி மிகவும் பழக்கமானவர்.

சிறுகுடலின் தொடக்கத்தில் வந்த புண் ஆறுவதும் மறுபடி வெடிப்பதுமாக இருந்து, கடைசியில் தழும்பாகி, இரைப்பையின் வாசலையே அடைத்துவிட்ட நிலை அது. தமிழகத்தின் தென்கோடியிலும் திருவிதாங்கூரிலும் இந்த நோய் அளவுக்கு மீறி இருந்தது. வயிற்றைத் திறந்து புதுவழி போட்டால்தான் சோறு உள்ளே இறங்கும். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஆபரேஷனுக்கு உட்பட்டார்கள். இன்று அது ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் வந்து, ஊரெல்லாம் பரவி, போய்விட்ட ஒரு சிகிச்சையின் வரலாறு, பெருங்குடல் அழற்சியோடும் கிரோன் நோயோடும் இன்று வாழ்கிறவர்களுக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. "ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?" என்று அன்று கேட்ட அதே கேள்வியைத்தான் இன்று அவர்களும் கேட்கிறார்கள்.

மலையடிவாரத்து ஊரும் தூரத்து டாக்டரும்

அப்படிப்பட்ட நோயாளியின் ஊருக்கு உதாரணமாகக் கடையநல்லூரை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். வயலில் நெல், தெருக்களில் தறிச்சத்தம், பல வீடுகளில் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ கப்பலேறிய ஒரு மகன். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தொடங்கப்பட்டுவிட்டது என்றால், இந்த ஊர் எவ்வளவு காலமாகக் கடல் தாண்டிப் பிழைத்தது என்று தெரியும். விருதுநகர்–தென்காசி ரயில்பாதை 1927-ல் வந்தபோது ஊருக்கு ஒரு ஸ்டேஷனும் கிடைத்தது. பக்கத்துச் செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை தமிழகத்தில் இல்லை. மன்னராட்சிக் காலத்தில் அது திருவிதாங்கூர். கூப்பிடு தூரத்தில் வேறு ராஜ்ஜியம்.

வயிற்றுவலிக்கு அந்தக் காலத்தில் முதல் கதவு சித்த வைத்தியர் வீடு அல்லது ஹக்கீம் வீடு. சித்த மருத்துவம் இதைக் குன்மம் என்று அழைத்து எட்டு வகையாகப் பிரித்திருந்தது. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மோர், சூரணம், லேகியம் என்று காலம் ஓடும். எரிச்சல் தாங்காதபோது சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். ஏப்பம் வந்து சற்று நேரம் நிம்மதி கிடைக்கும். வாசல் அடைபட்ட பிறகு இவை எதுவும் எடுபடாது. சாப்பிட்டால் வாந்தி, சாப்பிடாவிட்டால் பலவீனம். சில மாதங்களில் ஆள் எலும்பும் தோலுமாகி, உடம்பிலுள்ள உப்பும் நீரும் வற்றிப்போவார்.

அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: ஆபரேஷன் செய்துகொள். எங்கே போவது? திருநெல்வேலி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மதுரை அதைவிட இரு மடங்கு. வயிற்று ஆபரேஷனுக்கென்றே பெயர் வாங்கிய நெய்யூர், நாகர்கோவிலையும் தாண்டி, 150 கிலோமீட்டருக்கும் மேல். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் ஓடியது 1981-ல்தான். அதற்கு முன் அந்த வழி முழுக்கச் சாலைதான்; நாளெல்லாம் வாந்தியெடுக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு போகவேண்டிய சாலை.

எவரெஸ்ட்டிலிருந்து இறங்கி வந்தவர்

நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணியை 1838-ல் தொடங்கியவர் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே. சிறு மருந்தகமாக ஆரம்பித்தது, பிறகு கிளைகள் பல விரிந்த தென் திருவிதாங்கூர் மருத்துவ மிஷனாக வளர்ந்தது. 1922-ல் அங்கே ஒரு வழிப்போக்கர் வந்தார். பெயர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் குழுவோடு எவரெஸ்ட் ஏறப் போயிருந்தார். பனிச்சரிவில் ஏழு பேர் செத்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே இறங்கியவர், நெய்யூரில் டாக்டர் பியூ என்ற ஒற்றை அறுவை மருத்துவர், தீராத நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே திணறுவதைக் கண்டார். சில நாள் கூட நின்று அறுவை செய்தார். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டே நெய்யூருக்குத் திரும்பினார்.

1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய், செயற்கை ஆக்ஸிஜன் இல்லாமல் 28,000 அடிக்குப் பக்கத்தில் ஏறி, தொண்டை அடைத்துச் சாகப்போய்ப் பிழைத்து, மீண்டும் நெய்யூருக்கே வந்தார். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். அவரும் சக மருத்துவர் இயன் ஆரும் சேர்ந்து குடல்புண் நோயாளிகளைப் பற்றி 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதியபோது, மேல்நாட்டு மருத்துவர்கள் கவனித்துப் படித்தார்கள். அத்தகைய நோயாளிகள் நெய்யூரில் நாள்தோறும் வரிசையில் நின்றார்கள்.

அந்த அறுவையின் வேர் வியன்னாவில் இருக்கிறது. 1881 செப்டம்பரில் ஆன்டன் வோல்ஃப்லர் என்பவர், அடைபட்ட இரைப்பை வாசலை விட்டுவிட்டு, சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே இழுத்து இரைப்பையோடு தைத்தார். பழைய வாசல் மூடியே இருக்க, புதுவாசல் வழியாக உணவு இறங்கியது. ரத்தம் ஏற்றும் வசதி குறைவாக இருந்த காலத்திலும் ஒரு திறமையான கை இதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட முடியும். மாதக்கணக்கில் வாந்தியெடுத்தவர் சில நாளில் கஞ்சி குடித்து, சில வாரத்தில் சோறு சாப்பிட்டார். நோயாளியின் கண்ணுக்கு அது அற்புதமாகவே பட்டிருக்கும்.

ஏழையின் கணக்கு

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அன்று குடல்புண்ணுக்கு முதல் சிகிச்சை அறுவை அல்ல. சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி 1915-ல் வகுத்த முறைப்படி, படுக்கையில் ஓய்வு. மணிக்கு ஒருமுறை பாலும் பாலேடும். இடையிடையே அமிலத்தை அடக்கும் பொடி. வாரக்கணக்கில் இப்படி இருந்து, பிறகு மாதக்கணக்கில் பத்தியம். வங்கியில் வேலை பார்க்கிறவருக்கு முடியும். குழித்தறியில் கால்மிதி மிதித்து, நெய்த முழத்துக்குக் கூலி வாங்குகிறவருக்கும், அறுவடைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கிற வீட்டுக்கும் அது எப்படி முடியும்? பால் வாங்கவே காசில்லாதவரிடம் மணிக்கொரு தம்ளர் பால் குடி என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தென்னிந்தியாவின் அறுவை மருத்துவர்கள் சம்மதத்துக்கு முன் வைத்த வாதம் இங்கிருந்துதான் பிறந்தது. ஒரு தடவை வயிற்றைத் திறந்தால் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம். மருந்தையும் பத்தியத்தையும் நம்பினால் வாழ்நாள் முழுக்கச் செலவு. நோயின் தீவிரத்தோடு கூடவே நோயாளியின் கூலி, ஊரின் தூரம், மறுபடி வந்து காட்ட முடியுமா என்பதெல்லாம் அந்தத் தராசில் ஏறின. இந்த வாதத்தில் நேர்மை இருந்தது. அதே சமயம், பாலும் ஓய்வும் ஒரு மனிதனுக்கு எட்டாததால் அவன் வயிறு வெட்டப்பட்டது என்ற உண்மையும் அதற்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெற்கே மட்டும் ஏன் இவ்வளவு? நீலகிரியில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வைத்துத் தேடினார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபின் சீக்கியர் சாப்பாடு: கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு மதராஸ் ஏழைகளின் சோறு. மற்றொன்றுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்கு. சீக்கியர் சாப்பாடு தின்றவை கொழுகொழுவென்று வளர்ந்தன. மரவள்ளி தின்றவற்றில் பல எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. பிற்பாடு மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி இந்தத் தேடலைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இந்தியா முழுக்க மருத்துவமனைகளிலிருந்து விவரம் சேகரித்து, அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் நோய் அதிகம், தீட்டாத கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று 1979-ல் எழுதினார். உணவிலுள்ள சில கொழுப்புச் சத்துகள் குடலின் உட்சுவரைக் காக்கின்றன என்பது அவர் கருத்து. அப்படிக் காக்கும் பொருள்களில் ஒன்றாக அவர் குழு ஆராய்ந்தது, திருநெல்வேலிப் பக்கம் காணம் என்று சொல்லப்படும் கொள்ளு.

சம்மதக் கையெழுத்துக்குப் பின்னால்

சாமர்வெல் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1961 வரை கற்பித்தார். அதற்குள் காட்சி மாறத் தொடங்கியிருந்தது. 1954-ல் மதுரையிலும் 1965-ல் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. கடையநல்லூர்க்காரர் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அந்தக் கல்லூரி மருத்துவமனையை எட்டிவிடலாம். அறுவைக்குக் காசு கிடையாது. சென்னையில் என். ரங்கபாஷ்யம், இரைப்பை குடல் அறுவையைத் தனித் துறையாகவே இந்தியாவில் நிலைநிறுத்தினார். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் அவர் உருவாக்கிய துறை, நாடு முழுவதற்கும் வழிகாட்டியது.

அறுவையும் மாறியது. சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943-ல், இரைப்பைக்கு அமிலம் சுரக்கக் கட்டளையிடும் வேகஸ் நரம்பை வெட்டிக் காட்டினார். வெறும் புதுவாசல் போட்டால், அமிலம் அந்தத் தையலிலேயே மறுபடி புண் உண்டாக்கிவிடும். நரம்பையும் வெட்டினால் அந்த ஆபத்து குறையும். நரம்பை வெட்டி, குடலை இணைப்பது என்ற இரட்டை அறுவை தமிழக அரசு மருத்துவமனைகளின் வாடிக்கையாயிற்று. மருத்துவ மாணவர்கள் டிவி-ஜிஜே என்று சுருக்கிச் சொன்னார்கள்.

நோயாளி வார்டில் சேர்ந்ததும் கத்தி வந்துவிடாது. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு, தேங்கிக் கிடக்கும் பழைய சோற்றை நாளுக்கு நாள் கழுவி எடுப்பார்கள். சலைன் ஏற்றி, வற்றிய உப்பை ஈடுகட்டுவார்கள். பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த நாட்கள்தான் குடும்பம் தீர்மானிக்கும் நாட்கள். அண்ணன் ஒன்று சொல்வார், மாமனார் ஒன்று சொல்வார். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து இட்லி சாப்பிடுகிறவர் தைரியம் கொடுப்பார். இரண்டு கட்டில் தள்ளி வயிறு வீங்கிக் கிடப்பவர் அதைப் பறித்துவிடுவார். அறுவை இலவசமானாலும் துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, ரத்தம் கொடுக்க வருகிறவரின் பஸ் காசு, இரண்டு மூன்று மாதம் ஓடாத தறி என்று எல்லாம் கடனாக ஏறும். வயிற்றைத் திறந்தவர் தறிப்பள்ளத்தில் இறங்கி, குனிந்து, மிதித்து நெய்ய எப்போது முடியும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

அறுவைக்குப் பின் பெரும்பாலோர் தேறினார்கள். எல்லோருமல்ல. சிலருக்குச் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, படுத்தே ஆகவேண்டும். இரைப்பையிலிருந்து உணவு ஒரேயடியாகக் குடலுக்குள் கொட்டுவதால் வரும் தொல்லை. சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. சிலருக்குப் பித்த வாந்தி. ஆண்டுகள் போகப்போக இரும்புச்சத்தும் பி-12 வைட்டமினும் குறைந்து சோகை. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றியது. இவற்றையெல்லாம் கையெழுத்து வாங்கும்போது எவ்வளவு விளக்கினார்கள் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறியது. நெரிசலான வார்டில் கையெழுத்து என்பது பலருக்கு ஒரு ரேகைப் பதிவு மட்டும்தான்.

மாத்திரை வந்தது

1976 நவம்பரில் பிரிட்டனில் சிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஜேம்ஸ் பிளாக் குழுவின் கண்டுபிடிப்பு. அமிலம் சுரக்கும் பொத்தானையே அது அமுக்கி வைத்தது. 1981-ல் ரானிடிடின். 1980-களின் இறுதியில் இன்னும் வலுவான ஒமெப்ரசோல். உலகின் மற்ற ஏழை நாடுகளில் இவை கடைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இந்தியாவில் அப்படி ஆகவில்லை. காரணம், 1970-ன் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கே உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று அது சொன்னதால், இந்தியக் கம்பெனிகள் வேறு செய்முறையில் அதே மருந்தை மலிவாகச் செய்தன. ரான்டாக்கும் ஓமெஸும் மளிகைச் சாமான் பெயர்கள்போல ஊரெங்கும் புழங்கின.

ஆனாலும் பழைய கணக்கு உடனே தோற்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பியது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை வாங்க முடியாத கூலித் தொழிலாளிக்கு அறுவைதான் நல்லது என்று 1980-களிலும் பல அறுவை மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல் இரைப்பையின் உட்சுவரிலிருந்து வளைந்த ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று உலகம் கேட்டது. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தானே குடித்து, வயிற்று அழற்சி வரவழைத்துக் காட்டினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர் பெற்ற அக்கிருமியை ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அழித்துவிட்டால் புண் பெரும்பாலும் திரும்புவதில்லை. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டில் இதற்குத் துணையாக இன்னொன்றும் நடந்தது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வாசல் அடைபடும் வரை புண்ணைச் சுமக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. எண்டாஸ்கோப் வந்து, கத்தியில்லாமலே உள்ளே பார்க்க முடிந்தது. மேல்வயிற்றில் பந்து உருளும் நோயாளியை இன்று பயிற்சி மருத்துவர்கள் அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். பார்த்தாலும் முதலில் புற்றுநோயா என்றுதான் சந்தேகிக்கிறார்கள்.

அப்படியென்றால் நெய்யூரில் வெட்டியது தவறா? இல்லை. வாசல் அடைபட்டு வற்றிச் சாகப் போனவருக்கு அன்று வேறு வழியே கிடையாது. ஆனால் வாசல் அடைபடாத, வலி மட்டும் இருந்த பலரும் அதே மேசையில் படுத்தார்கள். அவர்களில் யார் காத்திருந்திருக்கலாம் என்பதை அன்று பிரித்தறிய முடியவில்லை. முன்னவருக்கு அறுவை உயிர். பின்னவருக்கு அது பல வழிகளில் ஒன்று. குடல் நோய்க்குக் கத்தி வேண்டுமா என்று கேட்கிற எவரும் முதலில் கேட்க வேண்டியது, தான் இந்த இருவரில் யார் என்பதைத்தான்.

கேள்வி கீழே இறங்குகிறது

புண் விலகிய இடத்தில் வேறு நோய்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலை, வலது அடிவயிற்றில் இருக்கிறது. அங்கே காசநோய் தங்கும். குடல் சுருங்கி, வயிறு முறுக்கி, அடைப்பு வரும். அந்தத் துண்டை வெட்டியெடுப்பது ஒரு காலத்தில் வழக்கம். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நுரையீரல் நோயாளிகளை சானடோரியத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து மருந்தால் குணப்படுத்தலாம் என்று நிரூபித்து, உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. அதே மையம் பின்னாளில் வயிற்றுக் காசநோய்க்கும் ஆறு மாத மருந்து போதும் என்று சோதித்துக் காட்டியது. குடல் ஓட்டையானாலோ முற்றாக அடைத்தாலோ ஒழிய, இன்று அங்கே மருந்துதான் முதலில்.

அதே மூலையில், அதே முகத்தோடு வருகிற இன்னொரு நோய் கிரோன். நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் வேறு இருவரும் 1932-ல் இதை விவரித்தார்கள். இந்தியாவில் இது மேல்நாட்டு நோய் என்று வெகுகாலம் கருதப்பட்டது. காசநோய் எது, கிரோன் எது என்று பிரிப்பது இங்கே அன்றாடத் தலைவலி. காசநோய்க்காரருக்குக் கிரோன் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் நோய் பரவும். கிரோன்காரருக்குக் காசநோய் மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகி, குடல் சுருங்கி, கடைசியில் அறுவையில் போய் நிற்கும்.

பெருங்குடல் அழற்சி மூன்றாவது. ரத்தமும் சளியுமாக நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவை வெளியே போகவைக்கும் நோய். பஸ்ஸில் ஏறப் பயம், கல்யாண வீட்டுக்குப் போகப் பயம். மூலம் என்றும் சீதபேதி என்றும் நினைத்துப் பல ஆண்டு கழிந்துவிடுவதும் உண்டு. இதற்கான அறுவை மற்றவற்றைவிடப் பெரியது: பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிடுவது. நோய் பெருங்குடலோடு நின்றுவிடுவதால், எடுத்தால் அந்தக் குடலின் நோய் தீரும். கிரோனில் அப்படியில்லை, ஒரு துண்டை வெட்டினால் இன்னொரு துண்டில் வரலாம்.

குடலை எடுத்தவருக்கு மலம் எப்படிப் போகும்? சிறுகுடலின் முனையை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்கள். ஆரம்பத்தில் அந்த முனையைச் சுற்றித் தோல் வெந்து புண்ணாகும். பிரிட்டனில் பர்மிங்ஹாமின் பிரையன் புரூக் 1952-ல், குடல் முனையைச் சட்டைக் கைபோல மடித்துவிட்டு, அந்தக் கொடுமையைக் குறைத்தார். 1978-ல் லண்டனில் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும், சிறுகுடலையே மடித்துத் தைத்து உள்ளே ஒரு பையாக்கி ஆசனவாயோடு இணைத்தார்கள். வெளிப்பை தேவையில்லை. ஆனால் நாளுக்கு ஐந்தாறு தடவை போகவேண்டியிருக்கும். அந்த உட்பையிலும் அழற்சி வரலாம்.

மருந்தும் சும்மா இருக்கவில்லை. 1955-ல் ஆக்ஸ்போர்டின் டுரூலவும் விட்ஸும் கார்ட்டிசோனைச் சோதித்து, கடுமையான பெருங்குடல் அழற்சியில் சாவைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். 1998-ல் இன்ஃபிளிக்சிமாப் என்ற ஊசி கிரோனுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-ல் பெருங்குடல் அழற்சிக்கும். விலையோ எட்டாத உயரம். 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் அதே வகையைச் சேர்ந்த அடாலிமுமாப் ஊசியின் நகலை உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில் விற்கத் தொடங்கியது. பெருங்குடல் அழற்சிக்கான டோஃபாசிடினிப் மாத்திரையும் இப்போது இந்தியக் கம்பெனிகளின் பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. இருந்தும், மறைந்திருக்கும் காசநோயை இவை எழுப்பிவிடக்கூடும் என்பதால், தொடங்குமுன் சோதனை கட்டாயம்.

சிப்பியின் பாலும் பாலேடும் போய், வேறு விலை, வேறு பெயரில் அதே கணக்கு மறுபடி நிற்கிறது. மாதாமாதம் ஊசியா, ஒரே தடவை அறுவையா? 2009-ல் தமிழகத்தில் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்கிறது. பெரிய அறுவைகளுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் அறுவையை இன்று காசுக்காக மட்டும் தேர்வதில்லை. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும், சிறுகுடலின் கடைசி முனையில் மட்டும் கிரோன் உள்ளவர்களில் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோப்பி அறுவையும் மறுபாதிக்கு இன்ஃபிளிக்சிமாபும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பின் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றே என்று 2017-ல் முடிவு வந்தது. அறுவை என்றால் எல்லாம் தோற்ற பிறகு செய்வது என்ற எண்ணம் அந்த நோயாளிகளுக்காவது தளர்ந்தது.

கடையநல்லூரில் இந்தத் தீர்மானத்தை எடுக்கும் குடும்பத்துக்கு ஊர் சார்ந்த கவலைகளும் உண்டு. பை ஒட்டினால் தொழுகை கூடுமா என்பது முதல் கவலை. அடக்க முடியாமல் கழிவு வெளியேறும் நிலையில் உள்ளவருக்கு இஸ்லாமியச் சட்டம் சலுகை தருகிறது. ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம்) செய்துகொண்டு தொழலாம். நோன்பில், சிறுகுடலிலிருந்து நீரும் உப்பும் நிறைய வெளியேறும் என்பதால் உடல் வற்றும் ஆபத்து உண்டு. நோயாளிக்கு நோன்பில் விலக்கு இருக்கிறது. பையின் இடத்தை அறுவைக்கு முன்பே பேனாவால் குறித்துவிட வேண்டும். கைலி கட்டும் இடம், புடவைக் கொசுவம் செருகும் இடம், சம்மணம் போட்டு உட்காரும்போது வயிறு மடியும் இடம், தொழுகையில் ஸஜ்தாவுக்குக் குனியும்போது அழுந்தும் இடம் எல்லாவற்றையும் தவிர்த்துக் குறிக்க வேண்டும். நோயாளி உட்கார்ந்து, குனிந்து, நின்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. செய்யாவிட்டால் பை கசிந்துகொண்டே இருக்கும். பல வருஷம் அவதி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். கடுமையான பெருங்குடல் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, மூன்றாம் நாள் கணக்குப் பார்க்கிறார்கள். அன்றும் எட்டுத் தடவைக்கு மேல் போனால், அல்லது மூன்று முதல் எட்டுத் தடவை போய் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு 45-ஐத் தாண்டினால், அதே அட்மிஷனில் குடலை எடுக்க நேரும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 1996-ல் கண்டறிந்தார்கள். அதன்பின் வேறு மருந்து ஒன்றைச் சில நாள் முயலலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் குடல் பலூனாக ஊதி வெடிக்கும் ஆபத்து கூடும். அப்போது செய்யும் அறுவையில் சாவு அதிகம். எனவே அறுவை மருத்துவரை முதல் நாளே அழைத்து நோயாளியைக் காட்டிவைப்பது பல பெரிய மருத்துவமனைகளின் நடைமுறை. அவர் வருகிறார் என்றால் கத்தி வந்துவிட்டது என்று பொருளல்ல. குடும்பம் பயப்படாமல் அவரிடம் பேச வேண்டும்.

பேசும்போது கேட்க வேண்டியவை இருக்கின்றன. நோய் காசநோய் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? அறுவை செய்யாவிட்டால் அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும்? பை தற்காலிகமா, நிரந்தரமா? நெசவோ கடையோ வெளிநாட்டு வேலையோ, எத்தனை மாதத்தில் திரும்பலாம்? இளம்பெண் என்றால், இடுப்புக்குள் செய்யும் அறுவை குழந்தைப்பேற்றைப் பாதிக்குமா? பாதிக்கக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. கேட்காவிட்டால் பல நேரம் யாரும் சொல்வதில்லை. இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்றும் தயங்காமல் கேட்கலாம். ஏற்கெனவே பை வைத்திருக்கும் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். திருநெல்வேலியோ மதுரையோ, செங்கோட்டைக் கணவாய் தாண்டித் திருவனந்தபுரமோ, எந்த ஊர் மருத்துவரானாலும் இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. அன்றைய நெரிசல் வார்டில் ரேகை வைத்தவருக்குக் கிடைக்காத அந்தப் பேச்சு, இன்றைய நோயாளிக்குக் கையெழுத்துக்கு முன்னால் கிடைத்தாக வேண்டும்.